அப்பாவுக்கு எழுபது ஆகவில்லையாம்

பாடாலூர்
4.11.2025

தம்பி ரஞ்சித்குமாருக்கு அக்கா செங்கமலம் எழுதுவது.

என் நம்பரை பிளாக் செய்தாய், சரி. என் வீட்டுக்காரர், உன் மாமா, உனக்கு என்ன செய்தார்? அவர் நம்பரையும் சேர்த்து அடைத்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்யும் பொத்தான் இன்னும் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

தீபாவளியன்று நடந்ததைக் கிளறக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நான் அரியலூர் வந்து இறங்கியபோது அப்பா உன் வாசலில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "மாமனாருக்கு ஒருவாய் சோறு போட கை வராதா ஒனக்கு"ன்னு மஞ்சுவைக் கேட்டேன். நாலு பேர் காதில் விழும்படி கேட்டது தப்பாக இருக்கலாம். கேட்டது தப்பில்லை. நீ என்னை இனிமேல் வாசப்படி மிதிக்காதே என்றாய். மிதிக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இங்கே வந்தும் தலைசுற்றல் நிற்கவில்லை. உடம்பு தேற நாளாகும் போலிருக்கிறது.

இப்போது விஷயம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வீரமுத்து போன வாரம் வண்டி பஞ்சர் என்று மாமா கடைக்கு வந்தார். அப்பாவுக்கு நீ கட்டும் பாலிசிக்கு இந்த மாதம் பத்தாம் தேதி கெடுவாம். பிரீமியம் போன வருஷத்தைவிட ஒன்றரைப் பங்காம். குறைக்க வழியே இல்லையா என்று மாமா ட்யூபை ஒட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார். இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கை நாமே ஏற்றுக்கொண்டால் குறையுமாம். குறைக்கிற வழியெல்லாம் கடைசியில் நம் கையைத்தான் கடிக்கிறது.

ஆனால் நல்ல சேதி ஒன்று உண்டு. இங்கே நடந்த முகாமில் சொன்னார்கள், எழுபது வயது முடிந்தவர்களுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசக் காப்பீட்டு அட்டை தருகிறார்களாம். ஆதார் மட்டும் போதுமாம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. அதனால் இந்த வருஷம் நீ பணம் கட்ட வேண்டாம். அதை லாரி டியூவுக்கு வைத்துக்கொள்.

ஒன்றே ஒன்றுதான் தடை. அப்பாவின் ஆதாரில் உன் போன் நம்பர் இருக்கிறது. ஓடிபி உனக்குத்தான் வரும். அது பத்து நிமிஷத்தில் செத்துப்போகும், தபால் வர மூன்று நாள் ஆகும். என்ன செய்வது என்று நீயே சொல்.

செங்கமலம்


அரியலூர்
29.11.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்து நாளாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் லோடு தொடர்ந்து இருந்தது. அதுவும் உண்மை, எழுதப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

நீ கட்டாதே என்று எழுதினாய். கட்டவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

மஞ்சுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் இரண்டு வருஷமாக ஆண்டிமடத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். எதற்குப் போகிறாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரலெல்லாம் கருத்துத் தோல் உரிந்து கிடக்கிறது. சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுகிறாள். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் அப்பாவின் பிரீமியம் அந்தக் கூலியில் போனது. அவளைத்தான் நீ நடுத்தெருவில் வைத்துச் சோறு போடவில்லை என்றாய்.

உன் நம்பரைத் திறக்கமாட்டேன். தெரியாத நம்பரையும் எடுப்பதில்லை, லோன் ஆப்காரன்கள் தொல்லை. டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை எனக்கு லோடு இல்லை. அன்று காலை பத்திலிருந்து பதினொன்று வரை எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறேன். இ-சேவை மையத்துப் பெண்ணைக் கூப்பிடச் சொல். ஓடிபியை மட்டும் சொல்வேன். வேறு பேச்சு வேண்டாம்.

அப்பா பச்சைத் தண்ணீரில் குளிக்காமல் பார்த்துக்கொள். அவருடைய ஸ்வெட்டரைப் பெரம்பலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார்.

ரஞ்சித்குமார்


பாடாலூர்
13.12.2025

தம்பிக்கு,

நேற்று நீ சொன்ன நேரத்துக்கு அப்பாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நீ ஆறு எண்ணையும் சொன்னாய், வைத்துவிட்டாய். அப்பா "ரஞ்சித்து, சாப்டியாடா"ன்னு கேட்டார். அதற்குள் நீ இல்லை. அந்தப் பெண்ணே கொஞ்ச நேரம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள், "அய்யாவுக்கு இன்னும் எழுவது ஆவலியேக்கா. ஆதார்ல அறுவத்தஞ்சுதான் காட்டுது. இன்னும் அஞ்சு வருசம் களிச்சு வாங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரியலூர்ல ரயிலு மருதையாத்துல வுளுந்துச்சே, தெரியுமா ஒனக்கு? அப்ப எனக்கு மூணு வயசு. எங்கம்மா இடுப்புல தூக்கிக்கிட்டுப் போயி காட்டுனா. எனக்கா அறுவத்தஞ்சு?" அந்தப் பெண் ரயில் விழுந்த வருஷத்தைத் தேடிப் பார்த்தாள். ஐம்பத்தாறு. கணக்குப் போட்டாள். "நீங்க சொல்றது சரிதான் தாத்தா. ஆனா மெசின் ஒத்துக்காது"ன்னு சொல்லிவிட்டாள்.

ஆதாரில் 1960 என்று இருக்கிறது. யார் போட்டது ரஞ்சித்து? பெற்ற அப்பனின் வயதில் ஏழு வருஷத்தைக் களவாடியது யார்?

வீட்டுக்கு வந்து வீரமுத்துவுக்கு அடித்தேன். பழைய பாலிசியையே கட்டிவிடலாம், தம்பியிடம் கெஞ்சிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கெடு முடிந்து ஒரு மாதம் தவணை தருவார்களாம். அதுவும் புதன்கிழமையோடு முடிந்ததாம். புதிதாக எடுத்தால் இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமாம்.

நீ புதன்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் போனை எடுத்திருந்தால் போதும். உன் வீம்புக்கு லோடு இல்லாத நாள் பார்த்தாய்.

செங்கமலம்


அரியலூர்
24.12.2025

அக்காவுக்கு,

யார் போட்டது என்று கேட்கிறாய். உனக்கு மறதி அதிகம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டில்தான் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டினால் இந்த பாலிசியில் சேர்க்கமாட்டார்கள், வேறு பாலிசி என்றால் பிரீமியம் இரண்டு பங்கு என்றார். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய், "அப்பாவுக்கு என்ன ஜாதகமா இருக்கு? அறுவதுன்னு மாத்திட்டா செலவு கொறையுமில்ல." ஆதாரில் அதற்கு முன்னால் இருந்ததும் குத்துமதிப்பு, மாற்றியதும் குத்துமதிப்பு. மாற்றிக்கொண்டு வந்தது நான். மாற்றச் சொன்னது நீ. மாமாவும் கூட இருந்தார், கேட்டுப்பார்.

அப்போது அப்பா சிரித்தார். ஏழு வயசு குறைஞ்சா பொண்ணு பாக்கலாம்டா என்றார்.

உன் கடிதம் வந்த அன்றே சரிசெய்யப் போனேன். பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்றலாமாம். அந்த ஒருமுறையை நாம் செலவழித்துவிட்டோம். மீண்டும் மாற்ற பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்துத் தாளாவது உண்டா என்று கேட்டார்கள். ஆண்டை வீட்டு ஆடு மேய்த்தவருக்கு எந்தப் பள்ளிக்கூடம்? வாக்காளர் அட்டையைக் காட்டினேன். அதில் வேறொரு வயது இருக்கிறது. "இவருக்கு மொத்தம் எத்தனை வயசுப்பா"ன்னு கேட்டு அங்கிருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருமானச் சான்று வாங்கி ஏழைகளுக்கான முதலமைச்சர் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று வி.ஏ.ஓ.விடமும் போனேன். லாரி உன் பேரில் இருக்கிறதே, நீ எப்படி ஏழை என்கிறார். லாரி என் பேரில் இருக்கிறது, சாவி மட்டும்தான் என் கையில், மற்றதெல்லாம் பைனான்ஸ்காரனுடையது என்று எந்தத் தாளில் எழுதுவது?

வீம்பு என்று எழுதியிருந்தாய். கட்டாதே என்று நீ எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ரஞ்சித்குமார்


பாடாலூர்
5.1.2026

தம்பி,

சண்டை போட இதை எழுதவில்லை.

வருஷம் பிறந்த மறுநாள் அப்பா மாமா கடைக்கு முன்னால் விழுந்துவிட்டார். லாரி டயர் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கண் மேலே போய்விட்டது. செத்துவிட்டார் என்றே நினைத்து நான் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து, "எதுக்குடி கத்துற"ன்னு கேட்கிறார்.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயம் நடுநடுவே அடிக்க மறந்துவிடுகிறதாம். அதுதான் தலைசுற்றலாம். பேஸ்மேக்கர் என்று ஒரு பேட்டரி வைக்க வேண்டுமாம். வைத்துவிட்டால் அப்புறம் பயமே இல்லையாம். ஒரு மாதத்துக்குள் வைத்துவிடுங்கள், தள்ளாதீர்கள் என்றார் டாக்டர். படுக்கையும் ஆபரேஷனும் இலவசம்தான். பேட்டரி மட்டும் காப்பீட்டு அட்டையில் வரும், அட்டை இல்லையென்றால் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். விலையைக் கேட்டு மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றுவிட்டார்.

ஒரு வழி இருக்கிறது. இ-சேவைப் பெண் சொன்னாள். எங்கள் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. அப்பாவின் பெயர் எங்கள் ரேஷன் கார்டில் ஏறிவிட்டால் அவரும் அதில் வந்துவிடுவார். ஆனால் முதலில் உன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, நீக்கல் தாள் வாங்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் மவன் கார்டுல இருக்குறவன். மருமவன் கார்டுல அரிசி வாங்கித் திங்கணுமா? வேணாம். பேட்டரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்"கிறார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். தெரிந்தே கேட்கிறேன். பெயரை எடுத்துக் கொடு ரஞ்சித்து. வெறும் பெயர்தானே.

அக்கா


அரியலூர்
13.1.2026

அக்காவுக்கு,

தலைசுற்றல் பசியால் வந்ததில்லை என்று இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். நீ அதைப் பக்கம் பக்கமாக எழுதியும் மஞ்சுவின் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லை. கவனித்தேன். அவளும் படித்தாள்.

வெறும் பெயர்தானே என்கிறாய். நம் ஊரில் மகன் கார்டிலிருந்து அப்பன் பெயரை எப்போது எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? செத்தால் எடுப்பார்கள். இல்லையென்றால் மகன் துரத்திவிட்டான் என்று அர்த்தம். ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது பெயரைப் படிப்பார்கள். வரிசையில் நிற்பவனெல்லாம் நம் சனம். அப்பனை அக்கா வீட்டுக்குத் தள்ளியவன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவான். நாளைக்குக் கொள்ளி வைக்க எந்த முகத்தோடு நிற்பேன்?

லாரிக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விற்றால் பைனான்ஸ் போக ஏதாவது மிஞ்சும். அதில் பேட்டரி வாங்கலாம். பொங்கல் கழியட்டும்.

ரஞ்சித்குமார்


அரியலூர்
23.1.2026

அக்கா,

லாரியை எவனும் கேட்கவில்லை. வந்த ஒருத்தன் டயரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பெயரை எடுத்துவிட்டேன். நான் எடுத்தேன் என்று சொல்வதும் பொய். மஞ்சுதான் எடுக்க வைத்தாள். மாட்டுப் பொங்கல் அன்று உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தாள். "பேரு மட்டும் கார்டுல இருந்தாப் போதுமா ஒனக்கு? ஆளு இருக்க வேணாமா?"ன்னு கேட்டாள். ஆபீஸ் திறந்த அன்றே கார்டை எடுத்துக்கொண்டு அவளே தாலுக்கா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே போனேன். உனக்கு அவளைத் தெரியவே தெரியாது அக்கா.

நேற்று எனக்கு மெசேஜ் வந்தது. குடும்பத் தலைவர், மனைவி, ஒரு மகள் என்று இப்போது மூன்று பேர்தான். போனை மஞ்சுவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொன்னால் என்ன.

நீக்கல் தாளின் அசலை இதோடு பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். அசல்தான் கேட்பார்கள். கைக்கு வந்ததும் உன் கார்டில் ஏற்றக் கொடுத்துவிடு, ஒரு நாளும் தள்ளாதே. ஏறிவிட்டால் அப்பாவிடம் சொல், பேட்டரி வைத்துக் காயம் ஆறியதும் என் கார்டுக்கே திரும்ப எழுதிக்கொள்வேன். இதை அவரிடம் கட்டாயம் சொல்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். மாமா நம்பரையும். நானாகக் கூப்பிட இன்னும் வாய் வரவில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பேன்.

தம்பி


பாடாலூர்
15.2.2026

ரஞ்சித்துக்கு,

பதினாறாம் நாள் வரைக்கும் உன் வீட்டிலேயே இருந்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் எத்தனையோ பேர் இருந்தார்கள், பேச முடிந்தது, பேசவில்லை. நேரில் பேசுவதை நாம் மறந்துவிட்டோம் போலிருக்கிறது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

நீ தபால் போட்ட மறுநாள், சனிக்கிழமை காலை உனக்கு அடித்தபோது எப்போதும் போலக் கட்டாகும் என்றுதான் அடித்தேன். வேறு யாருக்கு அடிப்பது என்று தெரியவில்லை. மணி அடித்தது. "சொல்லுக்கா"ன்னாய். மூன்று மாதமாகக் கேட்காத வார்த்தை. அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் பார்.

அவர் கஷ்டப்படவில்லை, இதை நம்பு. பல் விளக்கிவிட்டு வந்து டீ கேட்டார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினேன். சுவரில் சாய்ந்திருந்தார். பழையபடி எழுந்து எதுக்குடி கத்துற என்று கேட்பார் என்று நினைத்து, இந்த முறை கத்தாமல் காத்திருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது.

உன் பதிவுத் தபால் செவ்வாய்க்கிழமை இங்கே வந்திருக்கிறது. மாமா கையெழுத்துப் போட்டு வாங்கி, உன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நீ மொட்டைத் தலையோடு கூடத்தில் சுருண்டு படுத்திருந்தாய். உன் காலடியில் உட்கார்ந்துதான் படித்தேன். திரும்ப எழுதிக்கொள்வேன் என்று அவரிடம் சொல்லச் சொன்னாயே, அதை யாரிடம் சொல்வது?

மஞ்சு அந்த நாட்களில் எனக்கு ஊட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் ஊட்டினாள். அந்த விரல்களை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். "சாப்புடுங்கண்ணி"ன்னு மட்டும் சொன்னாள்.

இரண்டு பேரும் ஒரே ஒரு வாரம் முன்னால் வீம்பை விட்டிருந்தால் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போடுகிறேன். நீயும் போட்டுக்கொண்டிருப்பாய். எப்படிப் போட்டாலும் அவர் பிழைத்துவிடுகிறார். அதுதான் தாங்கவில்லை.

நேற்று இ-சேவைக்குப் போனேன். இறந்தவர் பெயரை ரேஷனில் வைத்திருந்தால் பின்னால் தொந்தரவு என்று யாரோ சொன்னார்கள். இறப்புத் தாளைக் கொடுத்து, பெயரை எடுத்துவிடம்மா என்றேன். அந்தப் பெண் ஆதார் எண்ணைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். "உங்க தம்பி கார்டுல போன மாசமே எடுத்துட்டாங்க. உங்க கார்டுல இன்னும் ஏறல. அய்யா பேரு எதுலயுமே இல்லியேக்கா. எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னாள்.

சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மகன் கார்டுல இருக்குறவன் நான் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் ரஞ்சித்து. மகனும் மகளும் உயிரோடு இருக்கும்போது, யார் வீட்டு ஆளாகவும் இல்லாமல் போய்விட்டார்.

அக்கா செங்கமலம்